பாடவேளை தொடங்கும் முன்: ஆசிரியரின் லேப்டாப், புரொஜெக்டர், பிரிண்டர், கைபேசிக்கு முழு வழிகாட்டி

ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். புரொஜெக்டரில் படம் வரவில்லை என்று கேபிளைப் பிடுங்குவதும் செருகுவதுமாகப் பத்து நிமிடம் போய்விட்டால், மிச்ச நேரத்தில் பாடத்தை முடித்த மாதிரிதான். இதில் கருவி பழுதாகியிருப்பது அபூர்வம். லேப்டாப் நன்றாக இருக்கும், புரொஜெக்டரும் நன்றாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் சிக்கல் இருக்கும். வீட்டில் தட்டச்சு செய்த வினாத்தாள் பள்ளிக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிவதும், பென்டிரைவைத் தொலைக்காட்சி படிக்க மறுப்பதும், கரண்ட் போய் வந்தபின் புரொஜெக்டர் எரிய மறுப்பதும் அதே வகைதான். எனவே எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வியில் இங்கே அதிகம் நிற்கப்போவதில்லை. இருப்பதை ஒன்றோடொன்று ஒழுங்காக இணைப்பதே இதன் வேலை. தமிழ்நாட்டுப் பள்ளிகளையும் அங்கே பணியாற்றுபவர்களின் வீடுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

லேப்டாப்: வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும்

பாடக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், காணொளி இவ்வளவுக்கும் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920×1080 திரை போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை யுபிஎஸ்சிலும் நல்ல கேபிளிலும் போடுங்கள். கடையில் கட்டாயம் பார்க்க வேண்டியது பக்கவாட்டுத் துளைகளை. முழு அளவு எச்டிஎம்ஐ துளை ஒன்றும், சாதாரண யுஎஸ்பி துளை இரண்டும் இருக்க வேண்டும். "டைப்-சி இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்த டைப்-சியில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி (படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் வசதி) உண்டா என்று கேளுங்கள். தரவையும் சார்ஜையும் மட்டும் கடத்தும் டைப்-சிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் படம் வராது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நெட் இல்லாமல் பாடம் காட்டும் கருவியாக வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கையும் எமிஸ் (கல்வித் துறையின் பள்ளி, மாணவர் விவரத் தளம்) நுழைவையும் மட்டும் அதில் வைக்காதீர்கள்.

பழைய லேப்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். அதைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும். ரேம் கூட்டுவதைவிட முதலில் செய்ய வேண்டியது இதுதான். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் காப்பு நகலுக்கு உதவும்.

வீட்டில் எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருப்பவர்கள், லேப்டாப் தயாரிப்பாளரின் செயலியில் "80 சதவீதத்தில் நிறுத்து" என்ற வசதியைத் தேடி இயக்கிவிடுங்கள். 100 சதவீதத்திலேயே சூடாக நிற்கும் பேட்டரி சீக்கிரம் உப்பும். தொடுபலகை மேலே தூக்கிக்கொண்டோ மூடி சரியாக மூடாமலோ இருந்தால் பேட்டரி உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே பயன்பாட்டை நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

தமிழ் எழுத்து: அதிகச் சிக்கல் வரும் இடம்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் "அ" என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஓர் ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். வேறு கணினியிலோ கைபேசியிலோ திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசைகட்டி நிற்கும். மாணவர் பெயர்ப் பட்டியலை அதில் வைத்திருந்தால் அகரவரிசைப்படுத்தவும் முடியாது, எமிஸில் ஒட்டவும் முடியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் "அ" என்பது எங்கே போனாலும் "அ"தான். தமிழக அரசும் 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. இன்னும் பாமினியில் புதிய வினாத்தாள் உருவாக்குவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

விண்டோஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும் முறை:

1. செட்டிங்ஸில் "டைம் அண்ட் லாங்குவேஜ்" பகுதிக்குப் போய், மொழிப் பிரிவில் "ஆட் எ லாங்குவேஜ்" அழுத்தித் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. திரை மொழியையும் தமிழாக மாற்றட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.
3. சேர்ந்தபின் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, விசைப்பலகைப் பிரிவில் தமிழ் 99 அல்லது அஞ்சலைச் சேருங்கள். ஆங்கில ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99.
4. விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

தமிழ் 99 அமைப்பு 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். வலக்கையின் நடுவரிசையில் க, ப, ம, த, ந. புள்ளி இடக்கை ஆள்காட்டி விரலின் கீழேயே. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் "அம்மா". இன எழுத்துகளுக்கும் அப்படியே: ப, ந, த, உ என்று தட்டினால் "பந்து". தினமும் அரை மணி நேரம் என்று சில வாரம் பழகினால் விசையைப் பார்க்காமல் அடிக்கலாம்.

பழைய பாமினி கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றும்போது மூன்று இடத்தில் தவறும். கோப்புக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். எனவே ஆங்கிலப் பகுதிகளை முதலில் வெட்டி வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி, கேள்விக்குறி, சதவீதக் குறி ஆகியவை எழுத்தாக மாறியிருக்கலாம். கணக்கு வினாத்தாளில் இதை வரிவரியாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தட்டச்சு செய்தவரே துணைக்காலுக்குப் பதில் "ர" போட்டிருப்பார், "ஔ" எழுத வேண்டிய இடத்தில் "ஒ"வையும் "ள"வையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பார். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் வேறெங்கோ போய் உட்காரும்.

எழுத்துரு எதைத் தேர்வது? பவர்பாயிண்டில் நிர்மலா யுஐ பாதுகாப்பானது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது. லதாவும் விஜயாவும் பல கணினிகளில் தனியாகச் சேர்க்க வேண்டிய கூடுதல் தொகுப்பில் இருக்கின்றன. அழகான வேறு எழுத்துரு வேண்டுமென்றால் "ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ்" பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் குறியைப் போட்டுச் சேமியுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொடுக்கும் வினாத்தாளை எப்போதும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேர்டு கோப்பைக் கொடுத்தால் அங்கே எழுத்துரு மாறும், பக்கம் தள்ளும், கடைசிக் கேள்வி அடுத்த தாளுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து வினாத்தாளை அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் காலிசெய்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

கைபேசியில் குரல்வழித் தட்டச்சு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் போதும். ண-ன, ல-ள-ழ, ர-ற இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அச்சிட்ட பழைய தாளைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். தெளிவாகப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, "ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்" கொடுத்தால் படத்தின் கீழே எழுத்தாக வரும். கையெழுத்துக்கு இதை நம்ப முடியாது.

புரொஜெக்டர்

சன்னலில் வெயில் விழும் வகுப்பறைக்கு வெளிச்சம் 3000 ஆன்சி லூமென்ஸுக்கு (தர முறைப்படி அளந்த ஒளி அளவு) குறையாமல் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் சின்னப் பெட்டிகள் "9000 லூமென்ஸ்" என்று போட்டிருக்கும். "ஆன்சி" என்ற சொல் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். இருட்டிய படுக்கையறையில் படம் பார்க்க ஆகும், பகல் வகுப்புக்கு ஆகாது.

எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. கையேட்டில் "த்ரோ ரேஷியோ" என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால் சுவரிலிருந்து புரொஜெக்டர் இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 180 செ.மீ. அகலப் படம் வேண்டும், எண் 1.5 என்றால், 270 செ.மீ. அதாவது முதல் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில். அங்கே வைத்தால் ஆசிரியரின் நிழல் படத்தில் விழும், ஒளி கண்ணைக் கூசும். புதிதாக வாங்கும் பள்ளி 0.5 அளவிலான ஷார்ட் த்ரோ வாங்கினால் 90 செ.மீ. தூரத்திலேயே வேலை முடியும்.

அதே 180 செ.மீ. படத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 16:9 சிலைடில் உயரம் சுமார் 101 செ.மீ. வரும். 32 புள்ளி அளவில் அடித்த தமிழ் எழுத்தின் உடல் சுவரில் ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும். 20 அடி நீள அறையின் கடைசி வரிசைக்கு அதுதான் கீழெல்லை. ஆங்கிலத்துக்குச் சொல்லும் 24 புள்ளியைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். "ணை"யும் "னை"யும் பின்வரிசைக்கு ஒன்றாகத் தெரியும்.

இணைக்கும் வரிசை இது. இந்த வரிசையை மாற்றுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. புரொஜெக்டரை முதலில் ஆன் செய்யுங்கள். விளக்கு முழு வெளிச்சத்துக்கு வர அரை நிமிடம் விடுங்கள்.
2. ரிமோட்டில் "சோர்ஸ்" அழுத்தி, கேபிள் எந்தத் துளையில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 1, 2 என இரண்டு இருந்தால் எண்ணைப் பாருங்கள்.
3. பிறகு லேப்டாப்பில் கேபிளைச் செருகுங்கள்.
4. விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி "டூப்ளிகேட்" தேர்ந்தெடுங்கள். சுவரில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரிந்தால் "எக்ஸ்டெண்ட்" தேர்வாகியிருக்கிறது.
5. ஒலி வராவிட்டால் கீழ் வலது மூலையில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி வெளியீட்டை மாற்றுங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடும், அதன் உள்ளிருக்கும் ஸ்பீக்கர் பின்வரிசை வரை கேட்காது. தனி ஸ்பீக்கரை 3.5 மி.மீ. ஒயரில் இணையுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் சில நேரம் உதட்டசைவும் ஒலியும் பொருந்தாது.

படம் சரிவகமாக வந்தால், அதை நேராக்கும் கீஸ்டோன் வசதியை உடனே திருகாதீர்கள். கீஸ்டோன் படத்தைக் கணக்குப் போட்டுச் சுருக்குகிறது, அதனால் சின்ன எழுத்து மங்கும். முதலில் புரொஜெக்டரைச் சுவருக்கு நேராகத் திருப்பி, உயரத்தைச் சரிசெய்து, மிச்சத்துக்கு மட்டும் கீஸ்டோன்.

படம் விட்டு விட்டு வந்தாலோ பொட்டுப் பொட்டாகத் தெரிந்தாலோ கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டர் வரை பரவாயில்லை. கூரையில் மாட்டி 15 மீட்டர் ஒயர் இழுக்கும் இடத்தில் மின்னணுப் பெருக்கி உள்ள கேபிளோ ஃபைபர் வகையோ வேண்டும். அந்த வகைக்குத் திசை உண்டு. "சோர்ஸ்" என்று எழுதிய முனைதான் லேப்டாப் பக்கம். பழைய விஜிஏ கேபிளில் நீலமோ சிவப்போ காணாமல் போனால் 15 ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கும்.

அணைக்கும்போது ரிமோட்டில் இருமுறை அழுத்தி, விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். விளக்கு வகை புரொஜெக்டரில் சூடான விளக்கைக் குளிரவிடாமல் நிறுத்துவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் பெரிய காரணம். கரண்ட் திடீரென்று போய் வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எரியும். பழுதென்று நினைத்துத் தட்ட வேண்டாம். சாக்பீஸ் தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். அது அடைத்தால் சூடேறித் தானே அணையும்.

கையால் எழுதிக் காட்ட வேண்டிய கணக்குக்கும் வடிவியலுக்கும் தனிக் கருவி வாங்க வேண்டாம். விண்டோஸ் 11 லேப்டாப்பில் "மொபைல் டிவைசஸ்" பகுதியில் ஆண்ட்ராய்டு கைபேசியை இணைத்து, அதன் கேமராவை வெப்கேமராவாகப் பயன்படுத்தலாம். கைபேசியை நோட்டுக்கு மேலே 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் கேமரா கீழே பார்க்கும்படி பிடிக்கும் தாங்கி ஒன்று போதும். தொடங்கும் முன் கைபேசியில் "டூ நாட் டிஸ்டர்ப்" போடுங்கள். வாட்ஸப் வெப் லேப்டாப்பில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். குடும்பக் குழுவின் செய்தி சுவரில் ஐந்தடி அகலத்தில் தெரிவதற்கு இந்த ஒரு மறதி போதும்.

நெட் வராது என்றே திட்டமிடுங்கள்

பாடநூலில் உள்ள கியூஆர் குறிகளின் வழியே வரும் தீக்ஷா (மத்திய அரசின் இணையக் கற்றல் தளம்) காணொளிகளைச் செயலியிலேயே பதிவிறக்கி வைக்கலாம். கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை யூடியூப் கைபேசிச் செயலியில் ஆஃப்லைனாகச் சேமியுங்கள். முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இதை முடித்து, பிறகு கைபேசியை ஏர்பிளேன் மோடில் போட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். அப்படி ஓடினால்தான் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. வருகைப்பதிவு, எமிஸ் செயலிகளையும் இரவிலேயே அப்டேட் செய்யுங்கள். காலை 9 மணிக்கு "அப்டேட் செய்தால்தான் திறப்பேன்" என்று அது அடம்பிடிக்கும்போது பள்ளியில் ஒரு கோடு சிக்னல்தான் இருக்கும்.

ஹாட்ஸ்பாட் போட்டே ஆக வேண்டுமென்றால், லேப்டாப்பில் அந்த வைஃபையின் பண்புகளுக்குப் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" இயக்குங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட்டே அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும். காணொளியை 480-இல் வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி அளவில் முடியும். பழைய லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைக் காட்டவே இல்லை என்றால் கைபேசியில் அலைவரிசையை 5-இலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

பென்டிரைவ்

ஸ்மார்ட் டிவி உங்கள் பென்டிரைவைப் படிக்கவில்லையா? கோப்பு முறையைப் பாருங்கள். ஃபேட்32 எல்லாக் கருவியும் படிக்கும்; ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. "இடம் இருக்கிறது, ஆனாலும் காப்பி ஆகவில்லை" என்பதற்குக் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட்டில் அந்த எல்லை இல்லை, பழைய டிவிகள் மட்டும் அதைப் படிக்காது. எனவே டிவிக்கு ஃபேட்32-இல் ஒரு சின்ன பென்டிரைவ், காப்பு நகலுக்கு எக்ஸ்ஃபேட்டில் இன்னொன்று.

நெட் சென்டரில் செருகி எடுத்ததும் எல்லாக் கோப்புறையும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பதற வேண்டாம். அந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் திறக்காதீர்கள், திறந்தால் உங்கள் கணினிக்கும் வைரஸ் தாவும். ஃபைல் எக்ஸ்புளோரரில் "வியூ, ஷோ, ஹிட்டன் ஐட்டம்ஸ்" போட்டால் மறைந்திருக்கும் அசல் கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். தெரியாவிட்டால் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் குறியையும் எடுங்கள். அசலை மட்டும் கணினிக்கு நகலெடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் சோதித்து, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் பென்டிரைவில் அன்றைக்கு அச்சிட வேண்டிய பிடிஎஃப் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஆதார் நகலும் சம்பளச் சீட்டும் நிறைந்த பென்டிரைவை முன்பின் தெரியாத கணினியில் செருகுவது வீட்டுச் சாவியை வாசலில் மாட்டிவைப்பது மாதிரி.

காப்பு நகல் மூன்று இடத்தில்: லேப்டாப், வெளி ஹார்டு டிஸ்க், கூகுள் டிரைவ். டிரைவின் இலவச 15 ஜிபியில் ஜிமெயிலும் புகைப்படங்களும் பங்கு போடும். ஆகவே காணொளிகளை அங்கே ஏற்றாமல், திரும்பச் செய்ய முடியாதவற்றை மட்டும் ஏற்றுங்கள்: மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், பாடக்குறிப்பு.

கரண்ட்

600 விஏ யுபிஎஸ் என்றால் சுமார் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. ஒரு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் 120 வாட் இழுத்தால் நடைமுறையில் கால் மணி நேரம், புதிய பேட்டரியாக இருந்தால் கொஞ்சம் கூட. இது கோப்பைச் சேமித்து மூடுவதற்கான நேரம், வேலையைத் தொடர்வதற்கானது இல்லை. விளக்கு வகை புரொஜெக்டர் ஒன்றே 250 வாட்டைத் தாண்டும். அதற்கு 1000 விஏ தனியாக வேண்டும். அதன் பயன் விளக்கைக் குளிரவைத்து முறையாக அணைப்பது.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்சில் செருகவே கூடாது. தாளைச் சூடாக்கும் உருளை ஒரு நொடியில் பல நூறு வாட்டை இழுக்கும். யுபிஎஸ் அலறி அணைந்துவிடும், கணினியும் கூடவே போகும். அதற்கு நேரடிச் சுவர்ப் பிளக். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளரும். கரண்ட் போன நொடியே கணினி அணைகிறது என்றால் யுபிஎஸ்சை மாற்ற வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

வீட்டு ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டுவிட்டால், கரண்ட் போனாலும் பெரும்பாலும் நெட் நிற்காது. வாங்கும் முன் ரூட்டரின் அடாப்டரில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துப் பொருத்துங்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் 5,000 எம்ஏஎச் கைபேசியை இருமுறை நிரப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போதே ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. ஒன்றேகால் முதல் ஒன்றரை முறை வரும்.

பிரிண்டர்

கறுப்பு வெள்ளை வினாத்தாள் மட்டும்தான், அதுவும் தேர்வு நேரத்தில் மட்டும்தான் என்றால் லேசர். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் டோனர் காய்வதில்லை. வண்ணப் படங்கள், அட்டைகள், எழுத்துப் பயிற்சித் தாள்கள் அடிக்கடி அடிப்பவர்களுக்கு இங்க் டேங்க். ஆனால் அதை வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது ஓட்ட வேண்டும். கோடை விடுமுறையில் பூட்டிவைத்துவிட்டு ஜூனில் திறந்தால் தலைப்பகுதித் துளைகள் அடைத்திருக்கும். அப்போது "ஹெட் கிளீனிங்" இரண்டு முறை கொடுத்து, சரியாகாவிட்டால் ஆறேழு மணி நேரம் விட்டு மறுபடி கொடுங்கள். விடாமல் பத்து முறை அழுத்தினால் மை வீணாவதோடு, கழிவு மையை உறிஞ்சும் பஞ்சும் நிறைந்து பிரிண்டர் நின்றுவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் தாள் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். பிரித்த கட்டை மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். போடும் முன் விசிறிபோல் விரித்துத் தட்டுங்கள். இருபுறம் அச்சிட 75 ஜிஎஸ்எம் தாள். 70 என்றால் பின்பக்க எழுத்து தெரியும். சிக்கிய தாளை, அது போகும் திசையிலேயே இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் கிழிந்த துண்டு உருளைக்குள் தங்கும்.

குரலும் கைபேசியும்

60 பேர் உள்ள வகுப்பில் தினம் ஆறு பாடவேளை கத்துவதைவிட, இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியும் தலையில் மாட்டும் மைக்கும் தொண்டைக்கு நல்லது. கீச்சென்று அலறினால் ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றி மாணவர் பக்கம் திருப்பி மேசையில் வையுங்கள்.

வாட்ஸப்பில் மூன்று அமைப்புகளை இன்றே மாற்றுங்கள். தானியங்கிப் பதிவிறக்கத்தை முழுதாக நிறுத்துங்கள். கைபேசி நிறைவதற்குப் பெரும் காரணம் காலை வணக்கப் படங்கள். பெற்றோர் குழுவில் நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி வையுங்கள். கணக்குப் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின் எண்ணைப் போடுங்கள். யாராவது ஓடிபி வாங்கிக் கணக்கைத் திருட முயன்றாலும் இந்தப் பின் இல்லாமல் நுழைய முடியாது. தாளைப் படமாக அனுப்பினால் எழுத்து நசுங்கும். டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியில் பிடிஎஃப் ஆக்கி "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்புங்கள். மாணவரின் மதிப்பெண்ணையோ ஆதார் எண்ணையோ குழுவில் போடக் கூடாது, அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாகத்தான்.

"உங்கள் சம்பளக் கணக்கு முடங்கும், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டியுங்கள். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்லும் எவரும் அலுவலர் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைபேசியின் அடையாள எண்) இப்போதே டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசி தொலைந்தால் காவல் புகாருக்கும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்குவதற்கும் அந்த எண் வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளும் அதே லேப்டாப்பைத் தொடுவார்கள் என்றால் அவர்களுக்கு "ஸ்டாண்டர்டு" பயனர் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறந்துகொடுங்கள். விளையாட்டை இறக்கும்போது வருகிற வில்லங்கம் மதிப்பெண் பட்டியல் உள்ள கணக்கைத் தொடாது.

பணிமாறுதல் வரும்போது

பள்ளிக்குச் சொந்தமான லேப்டாப்பையும் கைக்கணினியையும் ஒப்படைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சொந்தக் கோப்புகளை எடுத்துவிட்டு, வகுப்புக் கோப்புகளை ஒரே கோப்புறையில் போட்டு அடுத்தவருக்கு விடுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அழியுங்கள். ஆண்ட்ராய்டு கைக்கணினியில் செட்டிங்ஸின் கணக்குப் பகுதிக்குப் போய் உங்கள் கூகுள் கணக்கையும், திரைப்பூட்டையும் நீக்கியபின்தான் ஃபேக்டரி ரீசெட் கொடுக்க வேண்டும். கணக்கு உள்ளே இருக்க, பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். புதிதாக வருபவர் நீங்கள் இருக்கும் ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியிருக்கும். பிறகு உங்கள் கைபேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்தக் கருவி பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வெளியேற்றுங்கள். வரிசை எண், சார்ஜர், பை, கேபிள் ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் தனித்தனி வரியாக எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.